கமலாட்சியக்காவின் பிரகாரம்

சுற்றத் தொடங்குமுன் கமலாட்சியக்கா குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்குகிறாள். யாரோ சிதறுகாய் உடைத்திருக்கிறார்கள். பிறகு பிரகாரம் முழுக்க ஒரு பெருக்கு. கடைசியில் உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்து, "இப்ப சரி" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகுகிறாள்.

பார்க்கிறவர்களுக்கு இது பக்தி. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் வேகமாக நடக்க வேண்டும், காலில் ஒரு கீறல் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருந்த அவளுடைய அம்மாவுக்கும் இதே வியாதி. முள் குத்திய புண் ஆறாமல் முழங்காலோடு காலை எடுத்தார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா தன் முழங்காலைப் பிடித்துக்கொள்வாள்.

இந்தத் தீவில், குட்வில் எஸ்டேட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். அதனால் நடக்க இடம் தேடி அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சாத்தம் பாலத்தில் நல்ல காற்று; ஆனால் மில் விடும் நேரத்தில் சைக்கிள்கள் மேலே ஏறாத குறை. கடற்கரையில் காலைக் கிழிக்கும் பவளக்கல். சௌல்தாரியில் தங்கை வீட்டுத் தோட்டத்தில் கீழே அட்டை, மேலே தேங்காய்.

எங்கள் தெருவில் கல்லும் முள்ளும் இல்லை, கேள்விதான். சும்மா நடக்கிற பெண்ணை யாரும் சும்மா விடுவதில்லை. எதிர்வீட்டு வங்காளிப் பெண் வாசலில் நின்று, "தீதி, கஹாங் ஜா ரஹீ ஹோ?" என்பாள். எங்கே போகிறாய் என்பதற்கு ஒரு பதில் வேண்டுமே என்று அக்கா காலி மண்ணெண்ணெய் டின்னோடு நடந்தாள். தினமும் காலி டின்னோடு திரும்புவதைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்று தெருவே டின்னைத் தூக்கிக்கொண்டு டிப்போவுக்கு ஓடியது. அன்றோடு அதை விட்டாள்.

முருகன் கோயிலில் யாரும் எங்கே என்று கேட்பதில்லை. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, வண்டி வராது. ஏதோ பெரிய வேண்டுதல் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. அர்ச்சகர் மனமிரங்கித் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றி அப்படியே என் கையில் கொடுத்துவிடுகிறாள். எனக்கு ரவிக்கை இறுக்கமாகி வருகிறது.

நேற்று எங்கள் தெருப் பொன்னம்மா மூச்சிரைக்க அக்கா கூடவே நடந்தாள்.

"என்ன வேண்டுதல்க்கா? மகனுக்கு வேலையா?"

"காலுக்குடி."

"யாரு காலுக்கு?"

"என் காலுக்குத்தான். இருக்கிற ரெண்டும் இருக்கட்டும்னு."

"அதுக்கு மெதுவா சுத்தக்கூடாதா? சாமி என்ன ஜகாஸ் ஏறிக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கா போயிடப் போவுது?"

"மெதுவா சுத்தினா சாமி ஒத்துக்கும். டாக்டர் ஒத்துக்க மாட்டாரு."

சுற்றி முடித்ததும் விளக்கடியில் உட்கார்ந்து பாதத்தைப் பார்ப்பது அவள் வழக்கம். சந்நிதிக்கு முதுகைக் காட்ட முடியாது. காலைக் காட்டவும் முடியாது. ஒரு பாதத்தை மடிமேல் தூக்கி வைக்கிறாள். இடது கையால் முந்தானையை முருகனுக்கு நேரே திரைபோலப் பிடித்துக்கொண்டு, வலது கையால் விரலிடுக்குகளை விலக்கி விலக்கிப் பார்க்கிறாள். பிறகு, திரையை விடாமலே, அடுத்த காலைத் தூக்கி வைக்கிறாள்.