இருக்கார்

சாவு வீட்டில் செத்தவரின் மனைவி இருந்தார். செத்தவரின் தம்பி இருந்தார். கொள்ளி வைத்தது அவர்தான். பக்கத்துக் கடைக்காரர் இருந்தார். எங்கள் தோணியை ஓட்டுகிற தண்டல் இருந்தார். நான் இருந்தேன். மகன் இல்லை.

மகன் தூத்துக்குடியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். கடைசி வருசம். செத்தவருக்குக் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே சின்னக் கடை. தோணிக்காரர்கள் அங்கேதான் சோப்பு, பீடி வாங்குவோம். ஒவ்வொரு நடைக்கும் மகனுக்கு ஒரு பொட்டலம் கட்டித் தருவார். இங்கே தூத்துக்குடியில் இறங்கியதும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சிலோனில் கெடுபிடி. வெளிநாட்டில் படிக்கிற பையன் ஊருக்கு வந்தால், திரும்பிப் போக சர்க்கார் அனுமதி வேண்டும். கிடைத்தவனும் உண்டு. கிடைக்காமல் படிப்பை விட்டவனும் உண்டு.

நாங்கள் சுடுகாட்டிலிருந்து வந்ததும் பையனின் தாய் என்னிடம் சொன்னார்.

"தம்பி, அவனுக்குச் சொல்லாதேங்கோ. ஓடி வந்திருவான். வந்தால் திரும்ப விடமாட்டாங்கள். பரீட்சை முடியட்டும்."

பொட்டலம் கட்டப் போனார். கயிற்றில் முடிச்சு நிற்கவில்லை. நான் வாங்கிக் கட்டினேன். அதற்கப்புறம் எல்லா நடைக்கும் நான்தான் கட்டினேன். கடிதத்தில், அப்பாவுக்குக் கண்ணில் கோளாறு, அதனால் அம்மா எழுதுகிறேன் என்று எழுதியிருந்தார்.

தூத்துக்குடியில் இறங்கும்போது தண்டல் சிரித்தார்.

"ஏலே, பொய் சொன்னா ஒனக்குக் காது செவந்துரும். துண்டக் கட்டிட்டுப் போ லே."

காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன்.

பையன் பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணை, அப்பா எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கார்."

அடுத்த நடையிலும் கேட்டான். அதற்கடுத்த நடையிலும். சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது. கொழும்பில் இறங்கியதும் கால் அந்தக் கடைக்குப் போகும். பலகை சாத்தியிருக்கும். உள்ளே அவர் இருமுவது போலிருக்கும். நின்று கேட்டுவிட்டு வருவேன்.

பரீட்சை முடிந்த அன்று மத்தியானம் சொல்லப் போனேன். துண்டு கட்டவில்லை. பையன் மொட்டையடித்திருந்தான்.

"யாரு சொன்னா?"

"ஒருத்தரும் இல்லை. கண் தெரியாட்டிலும் அப்பாதான் கட்டுவார், நுனியை இழுத்ததும் அவிழும். நீங்கள் கட்டினது அவிழாது. கத்திதான் வேணும்."

அப்போதுதான் உறைத்தது. என் கை தோணிக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சையே போட்டிருக்கிறது.

"முதல் நாளே தெரியுமா?"

"ஓம்."

"பொறவு ஏம்ல ஒவ்வொரு தடவையும் கேட்ட?"

"தெரியும் எண்டு சொன்னால் நான் ஊருக்குப் போகத்தானே வேணும், அண்ணை. அம்மாவும் அதுக்குத்தானே மறைச்சவ." கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தான். "நீங்கள் 'இருக்கார்' எண்டு சொல்லுவீங்கள். அண்டைக்கு இரவு நித்திரை வரும்."

பெட்டியைத் திறந்து காட்டினான். வெட்டின கயிறுகளை முடிச்சோடு எடுத்து வைத்திருந்தான். எல்லாம் நான் போட்ட முடிச்சு. எண்ணினேன்.

ஏழு.