முதல் இடம் இடப்பக்கக் காவலுக்கு

சந்தேகம் வெர்லின் குபாலாவின் கூடப்பிறந்தது. டோனட் கடையில் யாராவது, "இந்த வெள்ளிக்கிழமை எப்படி கோச்?" என்று கேட்டால்கூட, 'இவன் எதுக்கு இதைக் கேக்குறான்?' என்றுதான் அவர் மனம் ஓடும். பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், மெஸ்கிட் ஃபோர்க் பள்ளியின் அணியைப் பத்தொன்பது வருடமாக நடத்தி வந்தவர். பாவம், ஒருநாளும் நிம்மதியாகக் காப்பி குடித்திருக்க மாட்டார்.

அணி கட்டுவதில் அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. ஊரெல்லாம் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத்தான் முதலில் தேடும். அவரோ எறிபவனின் முதுகைக் காக்கும் இடப்பக்கக் காவல்காரனை முதலில் பிடிப்பார். "முன்னால வர்றவன் கண்ணுக்குத் தெரிவான். முதுகுப் பக்கம் வர்றவன்தான் ஆளைக் கவுத்துருவான்" என்பார். அவர் புத்தி வேறு எப்படிப் போகும்? அதற்குப் பிறகே குவார்ட்டர்பேக். பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களெல்லாம் கடைசி.

அந்த வருடக் காவல்காரன் கோல்ட்டன், ஆள் கதவை அடைத்து நிற்பான். பள்ளி நாட்களில் வெர்லினும் அதே இடத்தில் ஆடியவர் என்பதால், ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குமுன் தரையில் கை ஊன்றிக் குனிந்து நிற்பது வரை தானே செய்து காட்டிக் கற்றுக்கொடுத்திருந்தார்.

அப்படியும் வரிசையாக நான்கு தோல்வி. பந்தை எறியப் போகிறார்களா, தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்களா என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஐந்தாவதும் போனால் வேறு கோச்சைப் பார்ப்போம் என்று பள்ளி வாரியம் சொல்லிவிட்டது.

யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள் என்று வெர்லின் முடிவு கட்டினார். பயிற்சித் திடலின் வேலியைத் தார்ப்பாயால் மூடினார். முடி வெட்டுபவரை மாற்றினார். கடைசியில் சந்தேகம் துணைக் கோச் ராய்ஸ் டீக் மேல் போய் நின்றது. இருவரும் பள்ளியில் ஒன்றாக ஆடியவர்கள். ஆனால் ராய்ஸின் தங்கை வாழ்க்கைப்பட்டது அடுத்து மோதவிருந்த ஊரில். அது போதாதா இவருக்கு?

புதன்கிழமை மடிக்கணினியோடு அறைக்குள் வந்தார் ராய்ஸ்.

"வெர்லின், ஒரு நிமிஷம்."

"திடல் சாவிய வச்சிட்டுப் போ. உன் தங்கச்சி வீட்டுல போய் சேதி சொல்லு."

ராய்ஸ் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது தோல்வியும் வந்தது.

சனிக்கிழமை காலையில் ஆட்டப் படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தார் வெர்லின். எப்போதும் பக்கத்தில் ராய்ஸ் இருப்பார். மூன்றாவது முறை ஓட்டியபோதுதான் கோல்ட்டனின் கை கண்ணில் பட்டது. பந்தைத் தூக்கி ஓடும் ஆட்டமென்றால் விரல்களில் மொத்த எடையும் இறங்கி மூட்டுகள் வெளுத்திருந்தன. எறியும் ஆட்டமென்றால் விரல் புல்லைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மோதப் போகும் இரண்டு அணிகளும் தங்கள் முந்தைய ஆட்டப் படங்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வது அங்கே வழக்கம். இந்தக் கையை ஒவ்வொரு வாரமும் எதிராளிக்கு அனுப்பி வைத்தவரே அவர்தான்.

நேராக ராய்ஸ் வீட்டுக்கு வண்டியை விட்டார். ராய்ஸ் வாசலில் டிரக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கோல்ட்டன் கைதான்டா எல்லாத்தையும் காட்டிக் குடுத்திருக்கு."

"அது உன் கைடா. அந்தக் காலத்துல நீயும் அப்படித்தான் ஊனுவ."

வெர்லினுக்கு அவமானமாக இருந்தது. அப்போதும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டா சொல்லல?"

"அதைச் சொல்லத்தான் புதன்கிழமை வந்தேன்" என்றார் ராய்ஸ். "நீ சாவியக் கேட்ட."