கரண்டியை விடாத மேற்பார்வையாளர்

பதவி உயர்வு கிடைத்த முதல் கிழமையே அதைத் தொலைக்கப் பார்த்தவன் நான். நெடுங்காலம் மேசனாக இருந்த என்னைத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எழும்பும் ஒரு கட்டடத்துக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். நிர்வாகம் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வாசித்திருந்தும், மேற்பார்வை என்றால் பார்ப்பது என்று எனக்குத் தோன்றவில்லை.

மேல்தளத்துக்குக் கொங்கிறீற் போட்ட அன்று, கீழே பலகையைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களைக் கவனிப்பது என் பொறுப்பு. நானோ பக்கத்து அறையில் பூச்சு மந்தமாக நடக்கிறதென்று, கிண்ணியா மேசன் றபீக்கின் பூச்சுக் கரண்டியை வாங்கி நானே சுவர் பூசிக்கொண்டிருந்தேன். வேலையில்லாமல் உலாவப் போன றபீக் வேகமாகத் திரும்பி வந்தார்.

"அண்ணை, அங்கால ஒரு முட்டுக்கால் சரியுது. மேல நிக்கிற ஆக்கள இறங்கச் சொல்லுங்க."

எல்லோரும் இறங்கிய பிறகு போய்ப் பார்த்தால் பலகை தொய்ந்திருந்தது. புதிதாக முட்டுக் கொடுத்துத் தப்பினோம். இன்னொரு முறை கரண்டியோடு கண்டால் பழைய வேலைக்கே அனுப்புவதாக எஞ்சினியர் சொன்னார்.

இப்போது கொங்கிறீற் போடும் நாட்களில் முட்டுக்கால்களைச் சுற்றி நடப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. பூசாமல் இருக்க ஏலாமல் இருக்கிறதென்று றபீக்கிடம் சொன்னேன்.

"எங்களுக்கு நிம்மதி அண்ணை. நீங்க பூசின சுவர அண்டைக்கே சுரண்டிப்போட்டுத் திரும்பப் பூசினம்."