அண்ணனுக்கு எழுத்து வராத நாட்கள்

அண்ணனை அறிந்த பெரியோர்க்கும், உறவினர்க்கும், நண்பர்களுக்கும் வணக்கம்.

போன வருஷம் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் கையில் ஒரு நினைவு மலர் தரப்பட்டது. அட்டையில் அண்ணனின் படம் இருந்தது. உள்ளே நான்கு பக்கங்களில் ஒன்றுமே இல்லை. அச்சகத்தார் கோட்டை விட்டார்கள் என்று பலர் நினைத்தீர்கள். இல்லை. அந்தப் பக்கங்களில் அண்ணனின் வாழ்க்கையை எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டவள் அவருடைய தங்கையாகிய நான். கல்லூரிக்குப் போகிறவள், கதை எழுதுகிறவள், “இதென்ன பிரமாதம், ஒரே மூச்சில் எழுதிவிடுவேன்” என்று சொன்னவள். எழுதவில்லை. முதலாண்டு மலருக்காக இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களை நிமிர்ந்து பார்க்க வேண்டியிராது என்பதுதான் எழுத்தில் இருக்கிற ஒரே சௌகரியம்.

அண்ணன் தங்கவயலில் பிறந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை, நான் கைக்குழந்தை. சுதந்திரம் வந்த மறுவருஷம் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு பெங்களூர் வந்து, ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை வீடு ஒன்று பிடித்தார். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு தமிழ் அச்சகத்தில் அச்சுக் கோக்கும் வேலை கிடைத்தது. பகலெல்லாம் பிறர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளைக் கோத்தவர், விடிகாலையில் தமக்கென்று கதை எழுதினார். சில, மெட்ராஸ் பத்திரிகைகளில் வெளிவந்தன. பல, போன வேகத்திலேயே திரும்பி வந்தன. அம்மா காலமான பிறகு அண்ணி வந்தார். குழந்தை வசந்தா பிறந்தாள்.

எங்கள் வீட்டில் எழுத்து வருகிற நாள், வராத நாள் என்று நாட்கள் இரண்டே விதம். வராத நாளில் அண்ணன் முகம் சுளிக்க மாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு எதையாவது பழுது பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஸ்டவ், ஜன்னல் கொக்கி, குடைக் கம்பி, யார் வீட்டுடையதாக இருந்தாலும் சரி. அதனால் அண்ணிக்கு வராத நாள்தான் நல்ல நாள்.

“இன்னைக்கு ஏதாச்சும் வந்துச்சா?”

“வரல.”

“அப்பாடா! அந்தப் பரண் பலகை ஆடுது, கொஞ்சம் பாருங்க.”

எதிர்வீட்டு ஜெயம்மா கன்னடக்காரர். அவர் என்னை வழியிலேயே மறிப்பார். “ஏனம்மா, உங்க அண்ணனுக்கு இன்னிக்கும் கதை வந்துடுச்சா? என் குடை உங்க வீட்லயே கெடக்குது. மழைகிட்ட நான் என்னான்னு சொல்றது?”

கதை திரும்பி வந்தால் அண்ணன் அந்த உறையைத் தட்டிக்கொடுத்துக் கேட்பார்: “போயிட்டு வந்துட்டியா? மெட்ராஸ்ல வெயில் ஜாஸ்தியா?” பிறகு குளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். நானோ, எழுத்து வந்தால் தெரு முழுக்கச் சொல்வேன். வராவிட்டால் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். தட்டை மூடி வைத்து அண்ணி காத்திருப்பார்.

அண்ணனை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காகிதம் கேட்டார். கொடுத்தேன். சற்று நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, “வரல, விடு” என்றார். கட்டிலருகே இருந்த சின்ன அலமாரியின் கதவு சரியாக மூடவில்லை. ஒரு காகிதத்தை மடித்து இடுக்கில் செருகினார்; கதவு நின்றது. மறுவாரம் அண்ணன் இல்லை.

மலருக்கான கட்டுரையை எழுத நான் நல்ல நாளுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அண்ணனோடு வேலை பார்த்த கோதண்டம் அண்ணன் தினமும் வாசலில் வந்து நின்று, “மேட்டர் ஆச்சாம்மா?” என்று கேட்டுப் போனார். அச்சகத்தில் ஓர் இரங்கற்பா எப்போதும் கோத்துத் தயாராக இருக்கும். யார் இறந்தாலும் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அதையாவது போட்டுவிடுங்கள் என்றேன்.

“அதைக் கோத்தவரே அவருதாம்மா. அதையே அவருக்குப் போடச் சொல்றியா? எங்க கையால முடியாது. நீ குடுக்கற வரைக்கும் அந்த எடம் அப்படியே இருக்கட்டும்.”

அப்படியே இருந்தது. காரியத்தன்று அண்ணி தம் கையாலேயே எல்லோருக்கும் மலர் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்கு அப்போது தெரியாது. தங்கவயல் மாமா பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, படிச்ச பொண்ணு. எழுத்துக்காரன் வீட்ல வெறும் பேப்பரா குடுப்பாங்க?” பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி மலரை வாங்கி ஒரு முறை புரட்டினார். பிறகு, “எழுதிக்கிட்டிருக்கா மாமா. வரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகும் எழுதினேன், கிழித்தேன். ‘எழுத்துலகின் விடிவெள்ளி’ என்று ஒரு தொடக்கம். ‘சினமே அறியாச் செம்மல்’ என்று இன்னொன்று. வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் வசந்தா அந்த மலரை எங்கிருந்தோ இழுத்து வந்து, தரையில் விரித்து, என் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். வெற்றுப் பக்கங்களில் வட்டம் வட்டமாக. என்னடி செய்யறே என்றேன். “அப்பா எழுதறேன்” என்றாள்.

அடுப்பங்கரையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். “நீ எழுதலன்னா அவளே எழுதிக்கறா, விடு.”

அண்ணி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. வசந்தாவுக்கு அப்பா முகம் நினைவிருக்காது. அவரைப் பற்றி அவளுக்கென்று வைத்திருந்த இடத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை உட்கார்ந்தேன். “வரல அண்ணி” என்றேன்.

“வந்த வரைக்கும் எழுது. அவர் எழுதினது எல்லாம் நல்லாவா இருந்துச்சு? பாதி கதைக்கு நானே தூங்கிட்டிருக்கேன்.”

எழுதியதை வாசித்துக் காட்டினேன். கிழித்துப் போட்ட சினமறியாச் செம்மல் மறுபடி வந்த இடத்தில் அண்ணி நிறுத்தினார். “யாரு, உங்க அண்ணனா? நீ எந்த வீட்ல இருந்தே? எழுத்து வந்த நாள்ல குழந்தை அழுதா எகிறி விழுவாரே. அப்புறம் அவளைத் தூக்கிக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் நடப்பாரு. அதைப் போடு.”

போட்டுவிட்டேன்.

அண்ணனின் நோய்க் காலத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட ஜெயம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணையிருந்த அச்சகத் தோழர்களுக்கும், தங்கவயலிலிருந்து வந்து காரியங்களை முன்னின்று நடத்திய மாமாவுக்கும், வெற்றுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அண்ணியின் முகத்துக்காக வாய் மூடிப் போன உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

வசந்தா, நீ படிக்கும் வயதில் இதில் உன் அப்பா அரைகுறையாகத்தான் தெரிவார். அது அவர் குறை அல்ல, உன் அத்தையின் குறை.

கோதண்டம் அண்ணன் வாசலில் நிற்கிறார். “முடிஞ்சிதாம்மா?” என்கிறார்.

“முடியல அண்ணா. எடுத்துட்டுப் போங்க.”

தங்கை,
சுசீலா
ஜீவனஹள்ளி, பெங்களூர்