கையோடு வந்த கயிறு

எனக்கு நீந்தத் தெரியாது. என் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான்தான்!

சிரிக்காதீர்கள். திருமழபாடிக்காரன் என்றதுமே, கொள்ளிடத்தில் மிதந்து வளர்ந்தவன் என்று பூலாம்பாடியில் என் மாமனார் வீட்டார் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கொள்ளிடமோ பெரும்பாலும் மணல். முழங்கால் தண்ணீரில் உருண்டதுதான் என் நீச்சல். சொல்லியிருக்கலாம்... புது மாப்பிள்ளையின் வீம்பு விடவில்லை.

யாழினிக்கு எட்டு வயதானதும் மனைவி செல்வி சொன்னாள்: "ஆத்துல வளந்தவரு நீங்க இருக்கையில வேற ஆள் எதுக்குங்க? நீங்களே பழக்கிடுங்க."

மாமனாரின் வயல் கிணற்றில் பழக்கினேன். மகளின் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, அதிலிருந்து வரும் கயிற்றைப் படியில் நின்றபடி பிடித்துக்கொள்வேன். தண்ணீரில் கால் பட்டதுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதைக் கேட்கவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன்.

ஒருநாள் நான் போட்ட முடிச்சு கழன்றது. கயிறும் கேனும் என் கையோடு வந்துவிட்டன... நடுக்கிணற்றில் குழந்தை தனியே!

குதித்தேனா? இல்லை. கத்தினேனா? அதுவும் இல்லை. கையிலிருந்த கேனையாவது அவள் பக்கம் வீசியிருக்கலாமே! மரமாக நின்றேன்.

ஒருமுறை முங்கினாள். பிறகு கையை அடித்து, காலை உதைத்து, தானே படிக்கு வந்து சேர்ந்தாள்.

"வேணும்னேதானப்பா அவுத்து விட்டீங்க? நானே வந்துட்டேன் பாத்தீங்களா!"

"ஆமாண்டா கண்ணு" என்றேன்.

மூன்று வருடமாக அந்தப் பதில் என்னை அறுக்கிறது. ஆனாலும் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்: அவள் மேல்படியிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதிக்கும்போது என் மனம் நிறைந்துபோகிறது. அந்த மகிழ்ச்சிக்கு எனக்கு உரிமை உண்டா...?

போன ஞாயிறு, தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும் செல்வியும் முதுகில் கேனோடு வந்து நின்றாள். "அப்பா இருக்காரும்மா, பயப்படாத" என்றாள் யாழினி.

"அவரு இருக்கையில எனக்கென்னடி பயம்?" என்று செல்வி முதல் படியில் இறங்கினாள்.

உண்மை வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக, முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகு பதினொரு வயது மகளிடம், "நீ அம்மா பக்கத்துலயே நீந்துடா" என்றேன்.

அதுவும் அம்மாவுக்கான பாடம் என்றே நினைத்துக்கொண்டு, அவள் சிரித்தபடி தலையாட்டினாள்.