மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு

கணினித் தேர்வு மையத்தில் எல்லோருக்கும் அவள் வயரக்கா. மேஜைக்கடியில் தவழ்வதும் கேபிளைச் சீவிச் சிங்காரித்துக் கட்டுவதும்தான் பிழைப்பு. அந்தச் சுத்தமே அவளுக்கு வினையாக வந்ததே, அதைச் சொல்லுங்கள்!

சர்வர் அறையில், கூடத்துக் கணினிகளைச் சர்வரோடு இணைக்கும் இரண்டு ஸ்விட்ச் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று. இரண்டையும் பிணைத்து ஒரே பெட்டியாக ஓட வைத்திருந்தார்கள். தேர்வுக் கூடத்திலிருந்து வரும் இரண்டு கேபிள்களையும் ஒரே பாதையாகச் சேர்த்துவிட்டால், அத்தனை பேரும் ஒன்றாக எழுதினாலும் நெரிசல் இருக்காது. போன வருஷம் பார்க்க அழகாக இருக்கட்டுமென்று இரண்டையும் மேல் பெட்டியிலேயே பக்கத்துப் பக்கத்தில் செருகினாள். தேர்வு நடுவில் அந்தப் பெட்டி மண்டையைப் போட்டது. கீழ்ப் பெட்டி குத்துக்கல்லாட்டம் இருந்து என்ன பிரயோசனம்? கூடமே நின்றுபோனது.

அன்று எழுதியவர்களில் அவள் நாத்தனாரும் ஒருத்தி. வேலைக்கான தேர்வு, மாதக்கணக்கில் கண்விழித்துப் படித்தவள். அதோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே அடுப்படி; உப்பு வேண்டுமென்றால்கூட, "அண்ணே, உன் பொண்டாட்டியக் கேளு" என்பாள். நடுவில் மாட்டிக்கொண்டு அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே!

இன்று அதே தேர்வு, அதே கூடம். வயசு வரம்பு தாண்டுமுன் நாத்தனாருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வயரக்கா புதுப் பெட்டி கேட்டுப் பார்த்தாள். நிர்வாகம் பழசையே ரிப்பேர் பண்ணித் தந்தது. சரி போ என்று, ஒரு கேபிளை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் செருகி ஒரே பாதையாகச் சேர்த்துவிட்டாள். பார்க்கக் கோணல்மாணலாகத்தான் இருந்தது.

பாதித் தேர்வில் மேல் பெட்டி விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. வயரக்கா ஓடிப்போய்க் கூடத்தின் கண்ணாடி வழியே பார்த்தாள். நாத்தனார் முகத்தைச் சுளித்தாள், திரையை முறைத்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். யாருமே கையைத் தூக்கவில்லை. வயரக்கா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

தேர்வு முடிந்ததும் நாத்தனார் விறுவிறுவென்று நேரே அவளிடம் வந்தாள். "ஏன் அண்ணி, நடுவுல கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து வந்துச்சே, என்னதான் வேலை பாக்குறீங்க?"

ஒரு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு, அதுவும் குற்றப் பத்திரிகை! வயரக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "மேல் பெட்டி செத்துப்போச்சும்மா. நீ மீதி எழுதுனதெல்லாம் கீழ் பெட்டி வழியாத்தான்."

நாத்தனார் வயரக்கா தோளில் தொங்கிய கருவிப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பசிக்குது அண்ணி. வாங்க, வீட்டுக்குப் போலாம்."