ஊரார் பார்சலுக்குக் காவல்

அடுத்தவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருளைப் பத்திரமாக வைத்திருந்து, அவர் வந்து பிரித்துப் பார்த்து நம்மைத் திட்டும்வரை காத்திருப்பதுதான் என் தொழில். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கும், வெளியூர் போன வீட்டுக்காரருக்காக ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் நான் சொல்வது சட்டென்று விளங்கும்.

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் நானும் என் வீட்டுக்காரரும் பதினோரு வருடம் பேன்சி ஸ்டோர் நடத்தினோம். வளையல், பொட்டு, சுடிதார் என்று எங்களிடம் வாங்கியதையெல்லாம் ஜனம் ஃபோனிலேயே வாங்க ஆரம்பித்தது. கம்பெனி வண்டி செம்மேடு வரைதான் வரும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதையில் யார் போவது? அதனால் எல்லாப் பெட்டிகளையும் எங்கள் கடையில் இறக்கிவிடுவார்கள், ஜனம் வந்து வாங்கிக்கொள்ளும். இதற்கு இரண்டு ஆள் எதற்கு என்று அவர் ஓசூரில் ஒரு பார்சல் குடோன் வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வியாபாரத்தைக் கவிழ்த்த பெட்டிகளை அவர் அங்கே ஏற்றுகிறார், நான் இங்கே இறக்குகிறேன். ஆனி மாதம் அவரைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னார்களாம். ஒத்துக்கொண்டால் காலத்துக்கும் அங்கேயேதான். ஆடிப் பதினெட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

முகம் செல்லாது

பார்சலைக் கொடுக்க வேண்டுமென்றால், வாங்குபவர் ஃபோனுக்கு வரும் ஓடிபி நம்பரை அவர் என்னிடம் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம்; குண்டூர் நாட்டிலிருந்து ஒரு பெரியவர் டார்ச் லைட் வாங்கியிருந்தார். அவர் ஃபோனுக்கு எங்கள் கடையில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவு வரை போய் நம்பரைப் பார்த்து, மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வருவார். வந்து சேர்வதற்குள் அது செல்லாமல் போயிருக்கும். மூன்று முறை நடந்தார். நாலாவது முறை நகராமல் என் எதிரிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, எம் பேத்திக்குக் காது குத்துனதுல இருந்து உங்ககிட்டத்தான வளையல் வாங்குனேன். இவரு இன்னாருன்னு நீங்க சொன்னாப் போதாதுங்களா?"

பேசி வாங்கினால்தான்

திண்ணனூர் நாட்டு ராசம்மா அக்கா பேரம் பேசாமல் என்னிடம் ஒரு ஊக்கு வாங்கியதில்லை. இப்போதெல்லாம் விலை பெட்டி மேலேயே ஒட்டி வருகிறது. "கொறச்சுப் போடு கண்ணு" என்பார். நான் போட்ட விலை இல்லையக்கா என்பேன். ஒரு நாள் சேலைப் பார்சலை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். விற்காமல் கிடந்த ஒரு ஹேர் கிளிப்பை எடுத்து விலை கேட்டார். நானும் வேண்டுமென்றே கூட்டிச் சொன்னேன். கால் மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா கோபித்துக்கொண்டு ரோடு வரை போய்த் திரும்பி வந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ஏக்கமாகிவிட்டது, அக்கா கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். கிளிப்பைத் தலையில் மாட்டிக்கொண்டு அக்கா சொன்னார்: "இப்பத்தான் கண்ணு கடைக்கு வந்துட்டுப் போற மாதிரி இருக்குது."

நாலு நாள்

ஓசூரில் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பெட்டியையும் பேர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார் என்று எங்கள் மலைச் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. பைல் நாட்டில் மரவள்ளி போட்டிருக்கும் சின்னச்சாமி, மகளுக்கு வாங்கிய கவுன் வரவில்லையென்று நாலு நாளாக வந்துகொண்டிருந்தார். "அவருகிட்ட ஒரு வார்த்த கேளுங்களே" என்றார். எனக்கு அன்றைக்கு ஏனோ பொறுமை இல்லை. ஆயிரம் பெட்டிக்கு நடுவில் அவருக்கு எப்படித் தெரியும், நாலு நாளுக்கே இப்படியா பறப்பது என்று கடுகடுத்தேன். சின்னச்சாமி கோபப்படவில்லை. "எனக்கு நாலு நாளுங்க. அவரு போயி உங்களுக்கு எத்தன மாசமாச்சுங்க?"

வரிசையில் ஒருவர்

பதினாலு மாதம். சின்னச்சாமியை நிற்க வைத்துவிட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

ஆடிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். கடைக்குள் நுழையப் பார்த்தார், முடியவில்லை. வளையல் ஸ்டாண்டு, கண்ணாடி அலமாரி, அவர் உட்காரும் இடம் எல்லாவற்றையும் காலி பண்ணிவிட்டுக் கூரை வரை பெட்டி அடுக்கியிருந்தேன். நான் ஒருத்தி ஒருக்களித்து நுழையத்தான் வழி. எவ்வளவு சாமர்த்தியமாகத் தொழிலை மாற்றிக்கொண்டேன் பாருங்கள் என்று அவரிடம் பெருமையடிக்க நினைத்திருந்தேன். அவர் வாசலில், வாங்க வந்தவர்களோடு நின்றுகொண்டார். ஊருக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருவர், "நீங்க எத்தனாவது ஆளுங்க?" என்று அவரைக் கேட்டார். அவர் சிரித்தார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

மூன்று நாளும் அவர் முடிவைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல வேலையை நான் கெடுத்ததாக ஆகிவிடக் கூடாதே. நாலாம் நாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பிவிட்டார். பார்சலுக்கு நின்ற நாலு பேரையும் அப்படியே விட்டுவிட்டு, ஷட்டரை இழுத்து மூடி ஓடினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். "சூப்பர்வைசரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க. வந்துருங்க. நீங்க இல்லாம என்னால முடியல" என்றேன், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்க. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஜன்னலில் எட்டிப் பார்த்து என் வீட்டுக்காரர் சொன்னார்: "அப்ப மொதல்ல நான் உக்கார எடம் ஒழிச்சு வையி புள்ள."

மலைச் சனத்தின் பெட்டிகளில் பாதி இப்போது வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. ஏன் என்று கேட்கிறவர்களிடம், எனக்கும் ஒரு பார்சல் வர வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் உள்ளே இடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.